அண்ணன் வாங்கிய கடன், தங்கை இருக்கும் வீடு: வில்லங்கம் வந்தால் யாரிடம் போவது?

கேட்டில் ஒட்டியிருந்த காகிதத்தை என் அத்தை முதலில் ஏதோ சொத்து வரி நோட்டீஸ் என்றுதான் நினைத்திருக்கிறார். பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது பக்கத்து வீட்டு அக்கா நின்று படித்துவிட்டு, "ஏங்க, உங்க வீட்டை பேங்க் எடுத்துக்கிச்சுன்னு போட்டிருக்கு" என்று சொன்ன பிறகுதான் கண்ணாடி போட்டுப் பார்த்திருக்கிறார். திண்டுக்கல்லில் என் தாத்தா கட்டிய வீடு அது. கணவர் இறந்த பிறகு அத்தை பதினைந்து வருஷமாக அங்கேதான் இருக்கிறார். அந்த வீட்டின் பேரில் அவர் ஒரு ரூபாய் கூட கடன் வாங்கியதில்லை.

"ஏம்மா, நீதான் பேப்பர்ல இருக்கியே, இது என்னன்னு பாத்துச் சொல்லும்மா" என்று வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினார். நானும் பார்த்தேன். பாதி புரியவில்லை. மீடியா படித்தவளுக்கு 13(4) என்றால் என்னவென்று எப்படித் தெரியும்? அடுத்த ஆறு மாதத்தில் நானும் அத்தையும் வக்கீல் ஆபீஸ், சார்பதிவாளர் அலுவலகம், கோர்ட் என்று அலைந்து கற்றுக்கொண்டதுதான் இந்தக் கட்டுரை. இது யாருக்கோ நடக்கும் விஷயம் இல்லை. பூர்வீக வீடு, பாகம் பிரிக்காத சொத்து, ஒருவர் மட்டும் வாங்கிய கடன் என்ற மூன்றும் இல்லாத குடும்பத்தைத் தமிழ்நாட்டில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

என்ன நடந்தது?

தாத்தா 2011-ல் உயில் எழுதாமல் இறந்தார். வீடு அவருடைய சுயசம்பாத்தியம். பாட்டி அதற்கு முன்பே இறந்துவிட்டார். பெரியப்பா, என் அப்பா, அத்தை என்று மூன்று பிள்ளைகள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி கணக்கு ரொம்ப எளிது. மகன், மகள் என்ற வித்தியாசம் இல்லாமல் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. மகள் கல்யாணமாகிப் போயிருந்தாலும், நகை போட்டு அனுப்பியிருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. "அவளுக்குத்தான் சீர் செஞ்சாச்சே" என்பது குடும்பத்தில் செல்லும், கோர்ட்டில் செல்லாது.

2012-ல் என் அப்பா தன் பங்கை பெரியப்பாவுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். சென்னையில் ஃபிளாட்டுக்கு முன்பணம் தேவைப்பட்டது, பெரியப்பா காசு கொடுத்தார். இதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பத்திரத்தில் "எங்கள் தகப்பனாருக்கு நாங்கள் இருவர் மட்டுமே வாரிசுகள்" என்று ஒரு வரி இருக்கிறது. கூட வைத்திருந்த வாரிசுச் சான்றிதழிலும் அத்தையின் பெயர் இல்லை. 2018-ல் பெரியப்பா பாத்திரக் கடைக்கு வங்கிக் கடன் வாங்கியபோது இந்தப் பேப்பர்களைத்தான் கொடுத்திருக்கிறார். கொரோனாவில் கடை படுத்தது. தவணை நின்றது.

எங்கப்பாவிடம் கேட்டேன். "எழுத்தர் எழுதினாரும்மா, நான் எங்க படிச்சேன்? அண்ணன் போடச் சொன்ன இடத்துல போட்டேன்" என்றார். அவரை நான் நம்புகிறேன். ஆனால் அந்த ஒரு கையெழுத்துதான் அத்தையைக் கோர்ட்டுக்கு அனுப்பியிருக்கிறது என்பதையும் அவரிடம் சொல்லியாக வேண்டியிருந்தது.

முதலில் வில்லங்கம் என்றால் என்ன?

பேச்சுவழக்கில் வில்லங்கம் என்றாலே வம்பு. பத்திர பாஷையில் அதற்கு அர்த்தம் வேறு. சொத்தின் மேல் உரிமையாளரைத் தவிர வேறு யாருக்காவது இருக்கும் பிடிதான் வில்லங்கம். அடமானம் ஒரு வில்லங்கம். கோர்ட் ஜப்தி இன்னொன்று. பத்திரத்தை வங்கியில் கொடுத்துக் கடன் வாங்கும்போது பதிவு செய்யப்படும் உரிமை ஆவண ஒப்படைப்பு இன்னொன்று. இதைத்தான் வங்கிக்காரர்கள் 'எம்ஓடி' என்பார்கள். ஹோம் லோன் வைத்திருக்கும் உங்களில் பலருடைய வீட்டின் மேல் இப்போது இருப்பது இதுதான்.

சம்பளக் கணக்கில் 'லியன் மார்க் செய்யப்பட்டுள்ளது' என்று எஸ்எம்எஸ் வந்து சிலர் பதறியிருப்பீர்கள். அது கணக்கில் உள்ள பணத்தின் மேல் வைக்கும் பிடி. வீட்டின் மேல் வரும் பிடி அதைவிடக் கனமானது. வீடு கை மாறினாலும் அது வீட்டோடு ஒட்டிக்கொண்டே போகும்.

வில்லங்கம் பார்க்க இப்போது எங்கும் அலைய வேண்டாம். பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் சார்பதிவாளர் அலுவலகம், சர்வே எண் கொடுத்தால் 1975 முதலான பதிவுகளை இலவசமாகவே பார்க்கலாம். கோர்ட்டுக்கோ வங்கிக்கோ கொடுக்க வேண்டுமென்றால் கட்டணம் கட்டிச் சான்றிட்ட நகல் வாங்க வேண்டும். ஆனால் ஒன்று, ஈசியில் பதிவான ஆவணங்கள் மட்டும்தான் தெரியும். பதிவாகாமல் வங்கியில் இருக்கும் பிடியைப் பிடிக்க செர்சாய் என்ற மத்திய பதிவகம் இருக்கிறது. 2011 முதல் இயங்குகிறது. வங்கிகள் தங்கள் அடமானங்களை அங்கே பதிய வேண்டும். சிறிய கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் தேடலாம். வீடு வாங்கப் போகிறவர்கள் இரண்டையும் பாருங்கள்.

அத்தை வீட்டு ஈசியை என் போனில் எடுத்தபோது எனக்கு ஆன நேரம் பத்து நிமிஷம். 2012 விடுதலைப் பத்திரம், 2018 எம்ஓடி எல்லாம் வரிசையாக இருந்தன. ஏழு வருஷமாக அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. யாரும் பார்க்கவில்லை.

கேட்டில் நோட்டீஸ் ஒட்டினால் வீடு போய்விட்டதா?

இல்லை. ஆனால் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டது.

வங்கிகள் கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை எடுக்க உதவுவது 2002-ம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம். கடன் வாராக்கடனாக மாறியதும் முதலில் பிரிவு 13(2)-ன் கீழ் 60 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் வரும். அதற்கு எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால் வங்கி 15 நாளில் காரணத்தோடு பதில் சொல்ல வேண்டும். அவகாசம் முடிந்தால் 13(4)-ன் கீழ் சுவாதீன நோட்டீஸ். அதை வீட்டில் ஒட்டுவார்கள், இரண்டு நாளிதழ்களில் விளம்பரமும் வரும். இந்தக் கட்டத்தில் வங்கி எடுப்பது பெரும்பாலும் அடையாள சுவாதீனம்தான், அதாவது காகிதத்தில். ஆட்களை வெளியேற்றி வீட்டைப் பூட்ட வேண்டுமானால், வழக்கமாக மாவட்ட ஆட்சியரிடமோ தலைமை நீதித்துறை நடுவரிடமோ பிரிவு 14-ன் கீழ் உத்தரவு வாங்கிக்கொண்டு வருவார்கள்.

இங்கே ஒரு கொடுமை இருக்கிறது. முதல் நோட்டீஸ் கடன் வாங்கியவருக்கும் ஜாமீன் போட்டவருக்கும்தான் போகும். வீட்டில் குடியிருக்கும் பங்குதாரருக்குப் போகாது. பெரியப்பாவின் கடை முகவரிக்கு 13(2) நோட்டீஸ் வந்து மாதங்கள் ஆகியிருக்கின்றன. அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அத்தைக்கு விஷயம் தெரிந்ததே இரண்டாவது நோட்டீஸில்.

இந்த 13(4) நடவடிக்கையை எதிர்த்து கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் பிரிவு 17-ன் கீழ் மனு போட 45 நாள்தான் அவகாசம். கடன் வாங்கியவர் மட்டுமில்லை, 'பாதிக்கப்பட்ட எந்த நபரும்' போடலாம் என்று சட்டமே சொல்கிறது. நம் மாநிலத்தில் சென்னை, கோயம்புத்தூர், மதுரை என மூன்று ஊர்களில் இந்தத் தீர்ப்பாயம் இருக்கிறது. திண்டுக்கல்காரர்கள் மதுரைக்குப் போக வேண்டும். கட்டணம் கடன் தொகையைப் பொறுத்தது. கடன் வாங்காத மூன்றாம் நபருக்குக் குறைவு.

45 நாளில் 12 நாளை நாங்கள் சும்மாவே தொலைத்தோம். காரணம், பெரியப்பா வீட்டுக்கு வந்து அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் மேனேஜர்கிட்ட பேசிட்டேன் தங்கச்சி, பயப்படாத, நான் பாத்துக்கறேன்" என்றார். அத்தை நம்பினார். நம்பாமல் எப்படி இருப்பார்? பெரியப்பா ஒரு வருஷம் கூட பொங்கல் சீர் கொடுக்கத் தவறியதில்லை. வாரிசுச் சான்றிதழில் அத்தை பெயரை விட்ட வருஷமும் கரும்பும் மஞ்சள்கொத்தும் வீடு தேடி வந்திருக்கின்றன.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு நோட்டீஸ் வந்தால், 'பாத்துக்கறேன்' என்பவர் பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் அன்றைக்கே தேதியோடு போட்டோ எடுத்து வைத்துவிட்டு வக்கீலைப் பாருங்கள். நாள் தாண்டிய பிறகு தாமதத்தை மன்னிக்கச் சொல்லி வாதாடுவது தனித் தலைவலி.

இலவச சட்ட உதவி உண்மையிலேயே கிடைக்குமா?

கிடைக்கும். நானே பார்த்தேன். ஆனால் எல்லாவற்றுக்கும் அது போதுமா என்றால், யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் பிரிவு 12, யாருக்கெல்லாம் அரசு செலவில் வக்கீல் கிடைக்கும் என்று சொல்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள் என்று அந்தப் பட்டியல் போகிறது. இவர்களுக்கு வருமான உச்சவரம்பு கிடையாது. வரம்பு மற்றவர்களுக்குத்தான். இது பலருக்குத் தெரியவே தெரியாது. ஐடி கம்பெனியில் நல்ல சம்பளம் வாங்கும் பெண்ணும் விண்ணப்பிக்கலாம். வழக்கில் முகாந்திரம் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள்.

ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். தாலுகா நீதிமன்றங்களிலும் வட்ட சட்டப் பணிகள் குழு உண்டு. போகத் தயக்கமாக இருந்தால் 15100 என்ற எண்ணுக்கு அடித்துக் கேட்கலாம். அத்தை ஒரு வெள்ளைத்தாளில் நடந்ததை எழுதி, ஆதார் நகலோடு கொடுத்தார். ஆணைக்குழுவின் செயலாளர் ஒரு நீதிபதி என்பதே எங்களுக்கு அங்கே போன பிறகுதான் தெரியும். சில நாளில் ஒரு வழக்கறிஞரை ஒதுக்கிக் கொடுத்தார்கள். நீதிமன்றக் கட்டணம் உட்பட செலவு அதில் அடங்கும்.

ஒதுக்கப்பட்ட வழக்கறிஞர் இளம்பெண். என்னைவிட நாலைந்து வயசு கூட இருக்கும். சிவில் வழக்குகளில் கெட்டிக்காரர். ஆனால் அவரே நேர்மையாகச் சொன்னார்: "அம்மா, பாகப்பிரிவினை வழக்கை நான் பாத்துக்கறேன். தீர்ப்பாய மனுவை அங்கயே டெய்லி ப்ராக்டிஸ் பண்றவங்ககிட்ட கொடுங்க. நாள் கம்மியா இருக்கு, ரிஸ்க் எடுக்க வேண்டாம்." அவர் சொன்னது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். தீர்ப்பாயமும் சட்ட உதவி வரம்புக்குள் வருகிற இடம்தான். இருந்தாலும் எங்கள் அவசரத்துக்கு மதுரையில் தனியாக ஒரு வழக்கறிஞரைப் பிடித்தோம். ஃபீஸ் என்னுடைய இரண்டு மாதச் சம்பளம். பாதியை அப்பா கொடுத்தார், கேட்காமலே.

வக்கீலைத் தேர்ந்தெடுக்கும்போது நாங்கள் கேட்ட ஒரே கேள்வி, "சர்ஃபேசி வழக்கு நடத்தியிருக்கீங்களா?" என்பதுதான். சொத்து வழக்கு நடத்துகிற எல்லோரும் இதை நடத்துவதில்லை. கிரிமினல் வழக்கில் பேர் வாங்கியவர் என்று சொந்தக்காரர் ஒருவரைச் சிபாரிசு செய்தார்கள். அவரைப் பார்க்கப் போனதில் மூன்று நாள் வீண்.

எந்தக் கோர்ட்: தீர்ப்பாயமா, சிவிலா?

இதுதான் இந்தக் கதையின் சிக்கலான இடம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

சர்ஃபேசி சட்டத்தின் பிரிவு 34, தீர்ப்பாயம் விசாரிக்க வேண்டிய விஷயங்களில் சிவில் நீதிமன்றம் தலையிடக் கூடாது என்கிறது. அதனால் சிவில் வழக்கு போட்டதும் வங்கி வக்கீல் முதலில் சொல்வது "இந்த வழக்கே செல்லாது" என்பதாகத்தான் இருக்கும். ஆனால் இந்தத் தடை முழுத் தடை இல்லை. வங்கியின் நடவடிக்கையில் மோசடி இருப்பதாகச் சொல்லும் வழக்குகளுக்கு சிவில் நீதிமன்றக் கதவு திறந்திருக்கிறது என்று 2004-லேயே மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2025 ஜனவரியில் சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியா தொடர்பான ஒரு வழக்கில் இன்னும் தெளிவாகச் சொன்னது. அதிலும் கதை கிட்டத்தட்ட இதேதான். பாகம் பிரிக்காத குடும்பச் சொத்து, ஒருவர் மட்டும் விற்கிறார், வாங்கியவர் அதை வங்கியில் அடமானம் வைக்கிறார், பங்கு இருக்கும் பெண் வழக்கு போடுகிறார். அந்த விற்பனையும் அடமானமும் செல்லுமா, சொத்தில் யாருக்கு உரிமை என்று தீர்மானிக்கும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு இல்லை, அது சிவில் நீதிமன்றத்தின் வேலை என்றது உச்ச நீதிமன்றம்.

அதனால் எங்கள் வழக்கறிஞர்கள் இரண்டு பக்கமும் போனார்கள். மதுரை தீர்ப்பாயத்தில் பிரிவு 17 மனு, வீட்டை நேரடியாக எடுப்பதைத் தடுக்க. திண்டுக்கல் நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்கு, மூன்றில் ஒரு பங்கு அத்தையுடையது, அந்தப் பங்கை அடமானம் கட்டுப்படுத்தாது என்று அறிவிக்கக் கோரி.

அடிப்படை வாதம் ஒரு வரிதான். தன்னிடம் இல்லாததை யாரும் அடமானம் வைக்க முடியாது. கூட்டுச் சொத்தில் ஒருவர் வைக்கும் அடமானம் அவர் பங்கை மட்டுமே பிடிக்கும்.

வங்கிக்கும் ஒரு வாதம் இருக்கிறது. அதையும் சொல்வதுதான் நியாயம். "பட்டா அவர் பேரில் இருக்கிறது, வாரிசுச் சான்றிதழ் இருக்கிறது, பதிவான விடுதலைப் பத்திரம் இருக்கிறது. வேறென்ன பார்க்க முடியும்? இந்தம்மா இத்தனை வருஷம் ஏன் சும்மா இருந்தார்?" என்று கேட்கிறார்கள். சொத்து மாற்றுச் சட்டத்தின் பிரிவு 41, வெளிப்பார்வைக்கு உரிமையாளராகத் தெரிபவரிடம் நல்லெண்ணத்தோடு, உரிய கவனத்தோடு பரிவர்த்தனை செய்தவரைப் பாதுகாக்கிறது. அதற்கு உண்மையான உரிமையாளரின் சம்மதம், மறைமுகமாகவாவது, இருக்க வேண்டும். 'உரிய கவனம்' எது என்பதில்தான் வழக்கே நிற்கிறது. வீட்டில் ஒரு பெண் வருஷக்கணக்காகக் குடியிருக்கிறார். மதிப்பீடு செய்ய வந்தவர் கதவைத் தட்டி "நீங்க யாரும்மா?" என்று கேட்டிருந்தால் போதுமே என்கிறார் எங்கள் வழக்கறிஞர். பட்டா என்பது வருவாய்த்துறைப் பதிவுதான், உரிமை மூலம் ஆகாது என்பதும் நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம்.

மகள் என்று நிரூபிக்கவும் ஆதாரம் வேண்டும்

இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. தாத்தாவின் மகள்தான் அத்தை என்று ஊருக்கே தெரியும். ஆனால் பேப்பர்? அத்தை பிறந்த காலத்துப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. பள்ளி மாற்றுச் சான்றிதழில் தகப்பனார் பெயர் இருந்தது. அது பாதி கரையான் அரித்திருந்தது. கடைசியில் பீரோ அடியிலிருந்து அத்தையின் கல்யாணப் பத்திரிகை கிடைத்தது. மஞ்சள் தடவிய பத்திரிகை. 'எனது ஏக புத்திரி' என்று தாத்தா பெயரில் அச்சடித்தது. கீழே 'தங்கள் நல்வரவை விரும்பும்' வரிசையில் முதல் பெயர் பெரியப்பாவுடையது. வழக்கறிஞர் அதை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இதைவிட நல்ல சாட்சி எனக்கு வேணாம்" என்றார்.

பழைய ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், குடும்ப போட்டோ எதையும் தூக்கிப் போடாதீர்கள். பத்திரங்கள் வங்கியில் மாட்டியிருந்தாலும் பதிவான எதற்கும் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கலாம். எங்கள் விடுதலைப் பத்திரத்தை அப்படித்தான் எடுத்தோம். தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் கோப்பைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கினோம். வாரிசுச் சான்றிதழில் பெயர் விடுபட்டிருப்பதால் மட்டும் உங்கள் பங்கு போய்விடாது. அது சொத்துரிமையை முடிவு செய்யும் ஆவணம் இல்லை.

வழக்குகளுக்குக் கால வரம்பு உண்டு என்பதையும் மறக்காதீர்கள். ஒரு பத்திரத்தை ரத்து செய்யக் கோருவதற்கு, விஷயம் தெரியவந்ததிலிருந்து மூன்று வருஷம். 'அப்புறம் பார்க்கலாம்' என்று விட்டால் நல்ல வழக்கும் காலாவதி ஆகும்.

போலீஸில் புகார் கொடுக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். பொய்த் தகவல் கொடுத்து வாரிசுச் சான்றிதழ் வாங்கியிருந்தால் அது குற்றம். "எங்கண்ணன் மேல நான் எழுதிக் கொடுக்கவா?" என்று அத்தை கேட்டுவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. புகார் கொடுத்தால் எங்கப்பா கையெழுத்தும் அதில் வரும் என்பதும் இரண்டு பேருக்கும் தெரியும்.

ஜெயித்தால் முழு வீடும் கிடைக்குமா?

கிடைக்காது. பெரியப்பாவின் பங்கும் அப்பா அவருக்கு விட்டுக்கொடுத்த பங்கும் சேர்ந்து மூன்றில் இரண்டு. அதன் மேல் வங்கியின் பிடி இருக்கவே இருக்கும். அப்படியானால் நாளைக்கு யாரோ ஒருவர் ஏலத்தில் அந்தப் பங்கை எடுத்து ஹாலில் வந்து உட்கார்ந்துகொள்வாரா?

இந்த இடத்தில் சட்டம் குடும்ப வீட்டுக்கு ஒரு சலுகை தருகிறது. பிரிக்கப்படாத குடும்பத்தின் குடியிருப்பு வீட்டில் ஒரு பங்கை வெளியாள் வாங்கினால், அவருக்கு அந்த வீட்டில் கூட்டாகக் குடியிருக்கும் உரிமை கிடையாது என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் பிரிவு 44 சொல்கிறது. அவர் பாகம் கேட்டுத்தான் வழக்கு போட முடியும். அப்படிப் போட்டால், 1893-ம் ஆண்டு பாகப்பிரிவினைச் சட்டத்தின் பிரிவு 4-ன்படி, குடும்பத்தில் பங்கு உள்ள ஒருவர் கோர்ட் மதிப்பிடும் விலையில் அந்தப் பங்கைத் தானே வாங்கிக்கொள்ளக் கேட்கலாம். நூற்றிமுப்பது வருஷத்துக்கு முந்தைய சட்டம், இன்றைக்கும் உபயோகப்படுகிறது.

ஏலம் வரை போகாமல் முடிக்கவும் வழி உண்டு. வங்கியோடு ஒரே தவணை உடன்பாடு பேசலாம். லோக் அதாலத்தில் வைத்தால் வங்கிகள் கொஞ்சம் இறங்கி வருவதும் உண்டு. நிலுவையில் இருக்கும் வழக்கு அங்கே முடிந்தால் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் அங்கே கையெழுத்துப் போட்டுவிட்டால் மேல்முறையீடு கிடையாது. படித்துவிட்டுப் போடுங்கள். (எங்கள் குடும்பத்துக்கு இதைச் சொல்லும் தகுதி இப்போதுதான் வந்திருக்கிறது.) பணத்தைக் கட்டி வீட்டை மீட்க நினைப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். 2016 சட்டத்திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன்பே முழு பாக்கியையும் கட்ட வேண்டும். ஏலத்தன்று காலையில் பணத்தோடு போய் நின்றால் பழைய மாதிரி உரிமையாகக் கேட்க முடியாது.

கடன் கொடுத்தது வங்கி இல்லை, ஊர் ஃபைனான்ஸ்காரர் என்றால் கதை வேறு. தனிநபர்களுக்கு சர்ஃபேசி அதிகாரம் கிடையாது. பொதுவாக அவர் கோர்ட்டில் வழக்கு போட்டு டிகிரி வாங்கித்தான் வீட்டைத் தொட முடியும். ஆள் அனுப்பிப் பூட்டு போட்டால் நீங்கள் போலீஸுக்குப் போகலாம். விவசாய நிலத்தின் மேலும் சர்ஃபேசி செல்லாது. ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் போகாத கடனுக்கும் செல்லாது.

கடனை அடைத்த பிறகும் ஈசியில் வில்லங்கம் நிற்கிறதே?

இந்தக் கேள்வி ஹோம் லோன் முடித்த ஆபீஸ் நண்பர்கள் பலரிடமிருந்து வருகிறது. லோன் முடிந்தது, வங்கி 'நோ டியூ' கொடுத்தது, ஈசியில் எம்ஓடி அப்படியே இருக்கிறது. அது தானாகப் போகாது. வங்கி அதிகாரி கையெழுத்திட்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் ரசீது ஆவணம் பதிய வேண்டும். அப்போதுதான் ஈசியில் கடன் தீர்ந்த விவரம் ஏறும். பலர் பத்திரத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். பத்து வருஷம் கழித்து விற்கப் போகும்போது மாட்டுகிறது. அதற்குள் அந்தக் கிளையே வேறு கிளையோடு இணைந்திருக்கும்.

ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பர் 13 அன்று போட்ட உத்தரவு இதில் உங்கள் பக்கம். கடன் முழுதாக அடைபட்ட 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், பதிவகங்களில் உள்ள பிடியையும் நீக்க வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. பத்திரம் தொலைந்தால் நகல் வாங்கும் செலவு வங்கியுடையது. அதற்குக் கூடுதலாக 30 நாள் அவகாசம் உண்டு. 2023 டிசம்பர் 1 முதல் திருப்பித் தர வேண்டிய ஆவணங்களுக்கு இது பொருந்தும். வங்கியில் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனிலேயே போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். விசாரிக்க 14448 என்ற எண் இருக்கிறது. போனில் மேனேஜரிடம் சண்டை போட்டது புகார் ஆகாது. மெயில் அனுப்புங்கள்.

அத்தை வழக்கு எங்கே நிற்கிறது? தீர்ப்பாயம், அடுத்த விசாரணை வரை நேரடி சுவாதீனம் எடுக்கக் கூடாது என்று இடைக்கால உத்தரவு போட்டது. அது நீட்டிக்கப்பட்டு வருகிறது. திண்டுக்கல் வழக்கில் வங்கி, எதிர்பார்த்த மாதிரியே பிரிவு 34-ஐக் காட்டி மனு போட்டிருக்கிறது. அதில் வாதம் முடியவில்லை. பெரியப்பா தரப்பில் இன்னும் பதிலுரையே தாக்கல் ஆகவில்லை.

போன வாய்தாவுக்கு நானும் மதுரை போயிருந்தேன். பெரியப்பாவும் வந்திருந்தார், கடன்தாரர் என்ற முறையில். பெஞ்சில் ஒரு ஓரத்தில் அவர், இன்னொரு ஓரத்தில் அத்தை, நடுவில் என் பை. வழக்கு இரண்டு நிமிஷத்தில் தள்ளிப்போனது. ஆரப்பாளையத்தில் திண்டுக்கல் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். அதே பஸ்ஸில் பெரியப்பாவும் ஏறினார். கண்டக்டர் வந்ததும் பின்சீட்டிலிருந்து அவர் குரல் கேட்டது. "திண்டுக்கல் மூணு." அத்தை திரும்பிப் பார்க்கவில்லை. பர்ஸைத் திறந்து எங்கள் இரண்டு பேர் டிக்கெட்டுக்கான காசை எண்ணி, "அவர்கிட்ட கொடுத்துட்டு வா" என்று என் கையில் வைத்தார்.